ஒரு சாண்

சல்மாபாத்தில் எங்கள் சந்துக்கு
வெயில் காலை ஆறுக்கே வேலைக்கு வந்துவிடும்.
கிளாட்சன் அண்ணனின் வெள்ளை வண்டியை
லிஃப்ட்டில் ஏற்றினேன்.
பதினொரு வருஷத்து வண்டி. மேலே
மெழுகு தேய்த்து மாப்பிள்ளை மாதிரி நின்றது.

கீழே போய் நிமிர்ந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அஸ்கர் துறையில்
படகு இறக்க ரிவர்ஸில் போய்ப்
பின்சக்கரம் முங்கும்வரை கடலில் நின்ற வண்டி.
பிரேக் குழாய் ஓடும் வழியெல்லாம்
செதில் செதிலாய் எழும்பியிருந்தது.
வடிகால் ஓட்டைகளில் மண் இறுகிக் கிடந்தது.

சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர்கள் மாதிரி
ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன்.
டங். டங். டங்.
பிறகு ஓரிடத்தில், தொப்.
திருப்பிப் பிடித்து முனையால் தொட்டேன்,
அழுத்தக்கூட இல்லை,
அப்பளத்தில் விரல் போவதுபோல் போனது.
சிவப்புப் பொடி கண்ணில் விழுந்தது.

"கருப்பு அடிச்சு விட்டுருடா.
வியாழக்கிழமை ஃப்ளைட். விசா கேன்சல் ஆயாச்சு.
பார்க்க வர்றது காயல்பட்டினத்துப் பொண்ணு,
மேலே மட்டும்தான் பார்க்கும்."

அண்ணே, ஈரத்துருவின் மேல் கருப்பு அடித்தால்
அது போர்வை இல்லை, வாய்ப்பூட்டு.
உள்ளே அது பாட்டுக்குத் தின்னும்.
கம்பி பிரஷ் போட்டு இரும்பு பளபளக்கும்வரை சுரண்டணும்.
செத்த தகட்டை வெட்டிப் புதுசு பற்றவைக்கணும்.
பிரைமர் காய ஒரு ராத்திரி, இந்த ஆகஸ்ட் புழுக்கத்தில் ரெண்டு.
கருப்பு கடைசியில்தான்,
அப்பவும் வடிகால் ஓட்டையை அடைக்காமல்.

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"சாப்பிட்டியா?"

கம்பெனி மூடிய பிறகு நாலு மாசம்
அவர் வீட்டு ஹமூர்க் குழம்புதான் எனக்கு.
கேட்காமலே இன்னொரு கரண்டி விழும்.
உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இரும்பு அதைத்தான் செய்கிறது.
வெள்ளிதோறும் உப்பிட்ட கடலை
உள்ளளவும் நினைக்கிறது,
உள்ளே ஒன்றுமில்லாமல் போகும் அளவும்.

படகைக் கரையேற்றியதும் பத்து நிமிஷம்
நல்ல தண்ணீர்ப் பைப்பை அடியில் காட்டியிருந்தால் போதும்.
சக்கர வளைவுக்குள்ளே, சட்டத்தின் மடிப்புக்குள்ளே,
மண் கரைந்து தெளிவாய் வடியும்வரை.
மீன் கெட்டுவிடும் என்று வீட்டுக்கு ஓடினோம்.
ஓடினோம் என்றேனா?
ஆமாம். படகின் கயிற்றைப் பிடித்தவன் நான்தான்.

சாயங்காலம் டப்பாவைக் குலுக்கினேன்.
அடித்தேன். ஆமாம், அடித்தேன்.
முன்னிருந்து பின்னுக்கு, ஓரம் விடாமல்.
அந்த ஓட்டையைச் சுற்றி
ஒரு சாண் மட்டும் விட்டுவிட்டேன்.
துணிச்சலா கோழைத்தனமா,
டப்பா காலியானதா என்று
இன்றைக்கும் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ரிஃபாயா வந்தாள்.
ஆஸ்பத்திரி லேப் வேலை, நைட் டியூட்டி முடிந்த கண்.
ஏசி போட்டுப் பார்த்தாள். டிக்கியைத் திறந்தாள்.
பின் சீட்டில் ரெண்டு குழந்தைகளுக்கான இடத்தைக்
கையை விரித்து அளந்தாள்.
அண்ணன் சாவியை நீட்டினார்.
அவள் வாங்கவில்லை.
"அதான் லிஃப்ட் இருக்கே" என்றாள்.

மூன்று பேரும் அடியில் நின்றோம்.
புதுக் கருப்பின் தார் நெடி.
அவள் போன் வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து
அந்த ஒரு சாணில் வந்து நின்றது.
அண்ணன் இருமினார்.

"இது ஏன் விட்டிருக்கு?"
என்னைத்தான் கேட்டாள்.

வாயில் இன்னும் அந்தக் குழம்பு.
ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்து
பிடியை அவள் பக்கம் திருப்பிக் கொடுத்தேன்.
கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்,
பொடி விழும்.